பால் தந்தவனுக்குப் பாதுகாப்பு எங்கே?

கோழி கூவுமுன்னே குலசேகரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒளிப்புள்ளிகள் அசைகின்றன. மின்மினிகள் அல்ல, தோழர்களே! நெற்றியில் விளக்குக் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளர்கள்! பட்டை சீவப்படுகிறது, பால் வடிகிறது, சிரட்டை நிறைகிறது. பால் ஷீட்டாகி, ஷீட் டயராகி, குழித்துறைப் பாலத்தைக் கடந்து கேரளம் நோக்கி ஓடுகிறது.

டயர் மட்டுமா? 1888இல் பெல்பாஸ்ட் நகரில், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்கக் கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்தார் டன்லப். 1903இல், பனி மறைத்த கண்ணாடிக்குப் பின்னே டிராம் ஓட்டுநர் திணறக் கண்ட மேரி ஆண்டர்சன், உள்ளிருந்தே இயக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதிலும் துடைப்பது ரப்பர்! 1934இல் இங்கிலாந்தின் பெர்சி ஷா 'பூனைக்கண்' கண்டார். நடுச்சாலையில் பதித்த கண்ணாடி, வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி வீசி வழி காட்டும். சக்கரம் ஏறி அழுத்தினால், உள்ளிருக்கும் ரப்பரே அதன் அழுக்கைத் துடைக்கும்.

யார் இவர்கள்? டன்லப் கால்நடை மருத்துவர். ஆண்டர்சன் ஒரு பெண். ஷா சாலை செப்பனிட்டவர். அறிவு எவர் வீட்டுப் பரம்பரைச் சொத்தும் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் சாலைக்கு வருவோம். நள்ளிரவில் லாரி பழுதாகிறது. சுற்றிலும் நான்கு கல், மேலே ஒரு மரக்கிளை. பழுது நீங்கியதும் லாரி போய்விடும், கல் போகாது! பின்னால் சைக்கிளில் வருபவனுக்கு அதுவே எமனாகிறது. சிவப்பு முக்கோணப் பலகை ஒன்று இருந்தால், மடக்கி எடுத்துச் செல்லலாம். சாலையில் சாவை விட்டுச் செல்ல வேண்டியதில்லை.

புது வண்டி எடுத்தால் டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறோம். டயருக்குள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோமா? சட்டைப் பைக்குள் அடங்கும் காற்றுமானி அதைச் சொல்லும். காற்றுக் குறைந்த டயர் சூடேறும். சூடேறிய டயர் வெடிக்கும். பழத்தைக் கேட்டு வெடிப்பதில்லை டயர்! ட்யூப் இல்லா டயரில் ஆணி தைத்தால்கூடக் காற்று மெல்லத்தான் இறங்கும். ஓரங்கட்டி நிறுத்த அவகாசம் தரும்.

கருவி இருக்கிறது, அது யாருக்கு என்பதே கேள்வி. 1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் மூன்று முனைச் சீட் பெல்ட் கண்டார். அந்த நிறுவனம் அதைப் பூட்டி வைக்கவில்லை. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இங்கே? சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக், 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்குக் கட்டாயமாயிற்று. அதற்குட்பட்ட வண்டிகளுக்கு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் எளிய ஏற்பாடே போதும் என்றது அன்றைய ஆணை. சின்ன வண்டியில் செல்பவன் யார்? கொத்தன், தச்சன், பால்வெட்டுகாரன்! மழையில் நனைந்த சாலை, ஓட்டுபவனின் சம்பளம் கேட்டா சறுக்குகிறது?

உயிரின் விலையை வண்டியின் விலை தீர்மானிக்கலாகாது. அரசிடம் இதைக் கேட்போம், உரக்கக் கேட்போம். கேட்டுக்கொண்டே செயலிலும் இறங்குவோம். மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் உள்ள நம் தோழர்கள் லாரிகள் நிற்குமிடம் செல்லட்டும். முக்கோணப் பலகை உண்டா, லாரியின் முதுகில் ஒளிரும் பட்டை உண்டா என்று பார்க்கட்டும். கிடக்கும் கற்களை அப்புறப்படுத்தட்டும். விடியுமுன் சாலையோரம் நடக்கும் பால்வெட்டுத் தோழனின் முதுகுக்கும் ஓர் ஒளிப்பட்டை கேட்டு, தோட்ட நிர்வாகங்களின் கதவைத் தட்டட்டும்.

உலகத்துச் சக்கரங்களுக்குப் பால் தந்தவன், அந்தச் சக்கரத்தின் அடியிலேயே மாளுவதா? மாளவிடோம்!