விவசாயிகள் தினமும் விலை உத்தரவாதமும்

முன்னாள் பிரதமர் சரண் சிங்கின் பிறந்த நாளான டிசம்பர் 23, 2001ஆம் ஆண்டு முதல் தேசிய விவசாயிகள் தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. ஆட்சியாளர்கள் ஆண்டுதோறும் அன்று உழவர்களைப் போற்றி வாழ்த்துச் செய்தி வெளியிடுகின்றனர். அந்த வாழ்த்துகளை அவர்களது கொள்கைகளோடு உரசிப் பார்ப்பது அவசியம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், குறைந்தபட்ச ஆதரவு விலை உற்பத்திச் செலவைவிட 50 சதவீதமேனும் கூடுதலாக இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2014 தேர்தலில் பாஜக அதனையே வாக்குறுதியாக்கியது. ஆட்சிக்கு வந்தபின், 2015இல், அது சந்தையைச் சீர்குலைக்கும் என்று உச்சநீதிமன்றத்தில் கூறியது. 2018இல் வாக்குறுதியை நிறைவேற்றுவதாக அறிவித்தபோது, கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. சொந்த நிலத்தின் வாடகையையும் மூலதனத்தின் வட்டியையும் உள்ளடக்கிய ‘சி2’ செலவு கைவிடப்பட்டது. அறிவிக்கப்படும் அந்த விலைகூட, அரசுக் கொள்முதல் இல்லாத இடங்களில் பெரும்பாலும் விவசாயிக்கு எட்டுவதில்லை.

2024 பிப்ரவரி 9 அன்று சரண் சிங்குக்கும் சுவாமிநாதனுக்கும் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. நான்கே நாட்களில், விலைக்குச் சட்டபூர்வ உத்தரவாதம் கேட்டு தில்லி நோக்கிப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளை, ஹரியானா எல்லையான ஷம்புவில் கான்கிரீட் தடுப்புகளும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளும் எதிர்கொண்டன. பரிந்துரைத்தவருக்கு விருது, அதை நிறைவேற்றக் கோரியவர்களுக்குக் கண்ணீர்ப்புகை!

விவசாயி என்பவர் யார் என்ற கேள்வியும் எழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சாகுபடியாளர்கள் 11.88 கோடி, விவசாயத் தொழிலாளர்களோ 14.43 கோடி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் தற்கொலை செய்துகொண்ட வேளாண் துறையினர் 11,290 பேர். அவர்களுள் 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். ஆயினும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிஎம்-கிசான் திட்டம் நிலவுடைமையாளர்களுக்கே உரியது. நிலமற்ற தொழிலாளிக்கும் வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் அதில் இடமில்லை. உத்தரப்பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்பில் சரண் சிங் பெரும்பங்காற்றினார். ஆனால், அந்தச் சீர்திருத்தமும் நிலமற்ற தலித் உழைப்பாளிக்கு நிலம் தரவில்லை.

2020 நவம்பர் 26 முதல் ஓராண்டுக்கும் மேலாக சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் விவசாயிகள் உறுதியோடு நின்றனர். எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததாக ஐக்கிய விவசாயிகள் முன்னணி கூறியது. அந்த உறுதியே மூன்று கார்ப்பரேட் ஆதரவு வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெற வைத்தது.

சி2 செலவோடு 50 சதவீதம் சேர்த்த விலைக்குச் சட்ட உத்தரவாதம், கடன் நிவாரணம், குத்தகை விவசாயிகளுக்கு அங்கீகாரம், தொழிலாளர்களுக்கு நிலமும் நியாயமான கூலியும் - இவற்றை அரசு உடனே நிறைவேற்ற வேண்டும். சாகுபடியாளரும் தொழிலாளரும் ஒரே அணியில் திரண்டு போராடினால் இக்கோரிக்கைகளையும் வென்றெடுக்க முடியும்.