மருந்து அடித்த நாளில் நெருஞ்சில் கஷாயம் போதுமா?

‘‘என் வீட்டுக்காரர் கத்திரிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தால், நெருஞ்சில் கஷாயமும் மருதம்பட்டைக் கஷாயமும் போட்டுத் தருகிறேன். விஷத்தை முறித்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் என்கிறார்கள். அந்த தைரியத்தில் அவர் கையுறைகூடப் போடுவதில்லை. கஷாயம் மட்டும் போதுமா?’’

– ஒரு வாசகி, செய்யாறு.

போதாது. கையுறை போடாததுதான் இங்கே பெரிய ஆபத்து.

நீங்கள் கேள்விப்பட்டதற்கு ஓர் அடிப்படை உண்டு. ஜென்டாமைசின் என்ற மருந்தால் எலிகளின் சிறுநீரகம் கெடும். நெருஞ்சில் சாறும் கொடுத்த எலிகளுக்கு அந்தப் பாதிப்பு குறைந்தது. புற்றுநோய்க்கான டாக்சோரூபிசின் மருந்தால் எலிகளின் இதயத்துக்கு வரும் கேட்டை மருதம்பட்டைச் சாறு குறைத்தது. ஆனால், அங்கே எடை பார்த்து, அளவு பார்த்துச் சாறு கொடுத்தார்கள். கொடுத்த நஞ்சும் வேறு. நம் வீட்டுக் கஷாயம் பூச்சிமருந்தை முறிக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புகளின் வேலையைக் குலைப்பவை. மருந்து அடிக்கும்போது இவை பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. ஒழுகும் டேங்க் முதுகை நனைத்தாலே போதும். எனவே ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் கட்டாயம். காற்று வீசும் திசையிலேயே அடிக்க வேண்டும். வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்கல், வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் தெரிந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவிவிட்டு, 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். இதற்கு அட்ரோபின் ஊசி ஆஸ்பத்திரியில் உண்டு.

மூலிகை எல்லாமே சிறுநீரகத்துக்கு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே கெடுக்கும். உங்கள் வீட்டுக்காரர் பிரஷர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், கஷாயம் தருவதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்ளட்டும்.

மருந்து அடிக்கும் தடவைகளைக் குறைப்பதே நல்ல காப்பு. கத்திரியில் தண்டுத்துளைப்பான் தாக்கி வாடிய நுனிகளைக் கிள்ளி அழியுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். டேங்கைத் தூக்கும் நாள் குறையும்.