ஒலியின் உயிர் யாது?

செவியால் நுகரும் இன்பங்களுள் தலையாயது இசை. அவ்விசை இக்காலத்தே பெரும்பாலும் ஒரு பெட்டியின் வழியாகவே நம்மை வந்தடைகின்றது. மெலிந்த மின்னோட்டத்தை வலிதாக்கி ஒலிபெருக்கியை இயக்கும் அப்பெட்டியை ஆம்பிளிபையர் என்கின்றோம். ஒரு பெட்டியில் பாட்டு உயிரோடு விளங்குகின்றதென்றும், மற்றொன்றில் சோர்ந்து கிடக்கின்றதென்றும் மக்கள் பேசக் கேட்கின்றோம். இக்கூற்றில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதை நம் மாணவ அன்பர்கள் ஆராய்தல் வேண்டும்.

காரைக்குடிக்கும் இப்பொருளுக்கும் தொடர்பு உண்டு. இசைத்தட்டு வாணிகத்தால் ஒலியின் நயம் அறிந்த அவ்வூர் ஏ. வி. மெய்யப்பனார், அங்கேயே படப்பிடிப்பு நிலையம் அமைத்து ‘நாம் இருவர்’ என்னும் படத்தை எடுத்து 1947-இல் வெளியிட்டார். அந்நாளில் ஒலியைப் பெருக்கியவை வால்வுகளே. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் தோன்றிற்று. அது வால்வின் இடத்தைக் கைப்பற்றிய பின்னரே, ‘பழையதில் இருந்த உயிர் புதியதில் இல்லை’ என்னும் வழக்கு எழுந்தது.

சென்ற விடுமுறையில் காரைக்குடியை அடுத்த ஒரு நண்பர் இல்லத்தில் இவ்வழக்கை விசாரிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே ஒரு பழைய வால்வுப் பெட்டியும் ஒரு புதிய பெட்டியும் இருந்தன. இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தோம். நண்பரின் ஐயா பழையதைச் சுட்டி, “தம்பி, இதிலேதான் பாட்டுக்கு உயிர் இருக்கு” என்றார். ஆனால் அது சற்று உரத்து ஒலித்ததை யான் கவனித்தேன். ஒரே சுருதியை இரண்டிலும் ஒலிக்கவிட்டு, வோல்ட்மீட்டரால் அளந்து, ஒலியளவைச் சமமாக்கினேன். பின் இரண்டையும் திரையிட்டு மறைத்தேன். இப்பொழுது ஐயா நெடுநேரம் தயங்கி, ‘உயிருள்ளது’ என்று தேர்ந்தது புதியதையே! திரையை விலக்கியதும் அவரே வாய்விட்டு நகைத்தார். ஒரு வீட்டுச் சோதனையைக் கொண்டு பொது விதி வகுத்தல் ஆகாது. எனினும், ஒலியளவைச் சமமாக்காமல் கூறும் தீர்ப்பு தீர்ப்பன்று என்பது இதனால் விளங்கும்.

காரணம் நம் செவியின் இயல்பிலேயே உள்ளது. ஒலி தாழ்ந்திருக்கும்போது கீழ்ச்சுருதிகள் நமக்குப் பெரிதும் தேய்ந்து கேட்கும். ஒலி உயர உயர அவை நிறைவு பெறும். பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் இதனை அளந்து 1933-இல் வெளியிட்டனர். ஆகவே ஒரு பெட்டி சிறிதே உரத்து ஒலிப்பினும், செவி அதனை ‘உரப்பு’ என்று உணராது ‘உயிர்ப்பு’ என்றே கொள்ளுகின்றது.

அங்ஙனமாயின் பெட்டிகளுக்குள் வேற்றுமையே இல்லையோ எனின், உண்டு. வால்வுப் பெட்டியின் மின்மாற்றி தரங்குறைந்ததாயின் உச்ச ஒலிகள் தேய்ந்து, ஜாலராவின் கலீரென்னும் ஓசை மழுங்கும். எந்தப் பெட்டியையும் அதன் ஆற்றலுக்கு மேல் ஏவினால் ஒலியலையின் முடிகள் வெட்டுண்ணும். மூலத்தில் இல்லாத ஒலிகள் அதனால் பிறக்கும். வால்வில் அம்முடி பெரும்பாலும் மெல்ல வளைந்து தாழும். டிரான்ஸிஸ்டரிலோ கத்தியால் அரிந்தாற்போல் அறும். பின்னதே செவியைக் குத்துவது. பெட்டியினின்று வெளிவரும் ஒலியில் ஒரு கூற்றைத் திருப்பி அனுப்பி, உட்புகுந்ததனோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் முறையை ஹெரால்டு பிளாக் என்பார் 1927-இல் கண்டார். அம்முறையை மிகுதியாகக் கையாண்டும், விரைந்து இயங்காத டிரான்ஸிஸ்டர் பெட்டிகள், மிருதங்க அடிபோன்ற திடீர் ஒலிகளில் தடுமாறும் என்பதைப் பின்லாந்து நாட்டு மாட்டி ஓட்டலா 1970-இல் எடுத்துக்காட்டினார். ஆகவே பழையதைப் புகழ்ந்தோர் கூற்று முற்றும் பொய்யன்று. எனினும் இக்குறைகள் நன்கு அமைந்த இக்காலப் பெட்டிகளில், அவற்றின் ஆற்றலுக்கு உட்பட்டு இயக்கும்வரை, செவிக்கு எட்டாத அளவு சிறுத்துவிட்டன.

பெட்டியினும் பெரிதாய் ஒலியை மாற்றுவது வீடு. சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெண்கருவைச் சேர்த்து மெருகேற்றிய சுவரும், ஆத்தங்குடித் தரைக்கல்லும் கொண்ட செட்டிநாட்டுப் பட்டாலையில் ஒலி எளிதில் அடங்காது. அதே இடத்தில் ஜமுக்காளம் விரித்து, நூறு பேர் வந்து அமர்ந்தால், ஆடையும் உடலும் உச்ச ஒலிகளை உண்டுவிடும். காலையில் ‘கணீர்’ என்ற பெட்டி மாலையில் ‘மந்தம்’ எனப்படுவது இதனாலேயே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஸபைன் என்னும் ஆசிரியர், ஆசன மெத்தைகளை அறைக்குள் அடுக்கி அடுக்கி அளந்து இவ்வுண்மையை நிறுவி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது.

இஃது அறியாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. கூட்டம் நிறைந்ததும் ‘உயிர் போதவில்லை’ என்று திருகாணியை முடுக்குகின்றோம். முடி வெட்டுண்ட ஒலி குழாய்களினின்று பீறிடுகின்றது. மரத்தடியில் நின்று ஊர்முழுதும் கேட்க வாசித்த நாதஸ்வரத்துக்கும் குழாய் கட்டுகின்றோம். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வரையறுத்துள்ளன. ஆயினும் விழாநாளில் அவற்றை நினைப்பார் யார்? தொட்டிலில் உறங்கும் மகவும், பாயில் கிடக்கும் நோயாளியும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனும் நம் மயக்கத்துக்கு வரி செலுத்துகின்றனர். மைக் செட்டின் அருகே நாள்தோறும் அமர்ந்து தொழில் செய்யும் இளைஞனோ தன் செவியையே விலையாகக் கொடுக்கின்றான்.

ஆதலின் மாணவ அன்பர்களே, பெட்டியைப் பழிக்குமுன் ஒலியளவைச் சமமாக்குங்கள், அறையை நோக்குங்கள், ஒலிபெருக்கியைக் கேட்போர்க்கு அருகே வையுங்கள், பின்னரே திருகாணியைத் தொடுங்கள். நம் கல்லூரி விழாவிலேயே இதனைத் தொடங்கலாம். ஒலியின் உயிர் அதன் உரப்பில் இல்லை, தெளிவில் உள்ளது.