பறித்துத் தின்பது அழகா?



‘தி மேண்டலோரியன்’ தொடரில் 2020இல் வந்த காட்சி. நெவாரோ கிரகத்து வகுப்பறையில் ஒரு பையன் நீலநிற பிஸ்கட் தின்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பச்சைக் குட்டி க்ரோகு கை நீட்டுகிறது. பையன் தர மறுக்கிறான். உடனே ‘ஃபோர்ஸ்’ சக்தியால் பொட்டலத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. உலகமே கொஞ்சியது! அதே பிஸ்கட்டை டஜன் 49.95 டாலருக்கு விற்றுக் காசும் பார்த்தார்கள்.

பறிகொடுத்த பையனை யார் நினைத்தோம்? தரமாட்டேன் என்பது அவன் உரிமை. பகிர்வது கொடுப்பவன் மனசிலிருந்து வர வேண்டும். “குழந்தைதானே” என்பீர்கள், அவனும் குழந்தைதான். வகுப்பில் பலமுள்ளவன் பறிப்பதும் மற்றவர்கள் சிரிப்பதும் இப்படித்தான் பழக்கமாகின்றன.

உங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரித்தால், “அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று அவசியம் கேளுங்கள்.