பாம்புக்குப் பாலா?

ஆடி மாதம் வந்தால் முடிச்சூர், தாம்பரம் பக்கத்துப் புற்றுகளுக்கெல்லாம் மஞ்சள் பூசி, பாலும் முட்டையும் வைத்து, கூடவே ஒரு உண்டியலும் வைத்துவிடுகிறார்கள். நாம் கேட்பது ஒரே கேள்விதான். பாலூற்றும் பக்தர்களில் யாராவது ஒருவர், புற்றுக்குள்ளிருக்கும் பாம்பு அதைக் குடித்ததைக் கண்ணால் பார்த்ததுண்டா? தாய்ப்பால் என்பதையே அறியாமல் பிறந்து, முதல் இரையையும் தானே தேடிக்கொள்ளும் பிராணிக்குப் பாலோடு என்ன சம்பந்தம்?

ஒரு பாம்புக்கு எது ஆகாரம் என்று அறிய எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதைச் சற்றுச் சொல்லுகிறோம். அமெரிக்காவில் கிங் ஸ்நேக் என்று விஷமில்லாத பாம்பு ஒன்று உண்டு. (நம் ராஜநாகம் வேறு, இது வேறு.) பல்லி, எலி, பிற பாம்பு இவையே அதன் உணவு. அதைப் பெட்டியில் வைத்தே இனம் பெருக்கி வளர்க்கிறார்கள். அப்படிப் பொரித்த குஞ்சுகளில் சில, கண் திறவாத எலிக்குஞ்சை முன்னே போட்டாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பட்டினி கிடந்தே சாகும். வளர்ப்பவன் என்ன செய்கிறான்? பரிகாரம் செய்கிறானா, ஜோசியனிடம் ஓடுகிறானா? முதலில் சூட்டைப் பார்க்கிறான். பெட்டியின் ஒரு பக்கம் சுமார் 30 டிகிரி சூடு இல்லாவிட்டால், தின்றதும் செரிக்காமல் கக்கிவிடும். ஒளிந்துகொள்ள இடமும் குடிக்கத் தண்ணீரும் வைக்கிறான். குஞ்சு முதல் சட்டையை உரிக்கும் வரையில் இரை காட்டாமல் பொறுக்கிறான். ஒவ்வொன்றையும் தனியே வைக்கிறான். ஏனெனில் இது கூடப் பிறந்ததையே விழுங்கிவிடும் ஜாதி. அப்படியும் தின்னாவிட்டால், எலிக்குஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதன்மேல் பல்லியைத் தேய்த்து, ஒரு சின்னப் பெட்டியில் பாம்போடு இரவு முழுவதும் இருட்டில் விட்டுவிடுகிறான். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி வாசனையை அண்ணத்திலுள்ள உறுப்புக்குக் கொண்டுபோய்த்தான் இரையை அறிகிறது. பல்லி வாசனை கண்டால் எலியை விழுங்கிவிடும். பிறகு வாசனையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து, எடை போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தால் வெறும் எலிக்கே பழகிவிடும்.

பார்த்தீர்களா தோழர்களே! பல்லி வாசனை இல்லையென்று எலியையே உணவாக ஒப்புக்கொள்ளாத ஜீவன் இருக்கும் உலகத்தில், பசும்பாலைப் பாம்பு ஒப்புக்கொள்ளுமாம்!

"பாம்பாட்டி கூடையிலுள்ள பாம்பு குடிக்கிறதே" என்பார்கள். குடிக்கும். பல நாள் தண்ணீர் காட்டாமல் வாட்டினால் எதையும்தான் குடிக்கும். அந்தப் பால் செரியாது. மூச்சுக்குழலில் இறங்கினால் சாவுதான். பல்லைப் பிடுங்கி, வாயையும் தைத்து வைத்திருக்கும் கொடுமைக்குப் பக்தி என்று பெயர்!

நிற்க. பாம்பை உள்ளபடி அறிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள்தான் இருளர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோகவே, 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலும் விஷம் எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷமே மூலம். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடிபட்டவன் உயிரைக் காக்க உழைக்கும் ஜாதி ஊர்க்கோடியில். பாம்பின் பெயரால் காணிக்கை வாங்கும் பூசாரி ஊர் நடுவில்! அந்தக் காணிக்கை போடுகிறவரோ, 2015-ல் முடிச்சூரில் புகுந்தது போல் வெள்ளம் வந்து, அதோடு அதே நாகராஜா வாசற்படி ஏறினால் தடியைத்தான் தேடுகிறார்.

"வைத்த பாலும் முட்டையும் மறுநாள் காணோமே" என்று இன்னமும் கேட்பவர் உண்டு. நல்லபாம்பு முட்டை தின்பதுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கீரியும் நாயும் காக்கையும் அந்த ஊரில்தானே இருக்கின்றன? புற்றோ, கறையான் கட்டிய மண். ஊற்றியதையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்கிறது. மண் குடித்ததைப் பாம்பின் கணக்கில் எழுதிவிட்டு, உண்டியல் கணக்கைப் பூசாரி தனியே எழுதிக்கொள்கிறார்.