தீட்டு எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் தண்ணீரைச் சோதிக்கிற வழக்கம் கிடையாது. தண்ணீர் மொள்ளுகிறவனைச் சோதிக்கிற வழக்கந்தான் உண்டு. புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரிய வந்தது. அதுவும் குழந்தைகள் நோயில் படுத்த பிறகுதான். செய்தவர் யார் என்கிற வழக்கு ஒரு புறமிருக்கட்டும். பார்வையிடப் போன அதிகாரிகள் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார்கள். குவளைக்கு இவ்வளவு காவல்! குடிக்கிற தண்ணீருக்கோ ஒரு காவலும் இல்லை. இந்தப் புத்தி இருக்கும் வரை, இன்னொரு பெரிய ஆபத்தும் நம் கண்ணில் படப் போவதில்லை.

அதுதான் மருந்துக்குச் சாகாத கிருமி. ஆண்டிபயாடிக் மருந்துகளை, அவற்றுக்குக் கட்டுப்படாத ஜலதோஷத்துக்கும்கூடக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோம். அரைகுறையாக மருந்து படும்போது பலமற்ற கிருமி சாகிறது. பலமுள்ளது தப்பிப் பெருகுகிறது. பென்சிலினைக் கண்ட பிளெமிங்கே 1945-ல் நோபல் பரிசு பெற்ற சமயத்தில் இதை எச்சரித்தார். அக்கிருமியும் மருந்தின் மிச்சமும் மலத்தோடு சாக்கடைக்குப் போகின்றன.

"சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே அழுக்கைத் தின்பதே கிருமிகள்தான். காற்றை ஊட்டி அவற்றை வளர்க்கிறார்கள். அந்த நெருக்கத்தில் ஒரு கிருமி தன் எதிர்ப்புத் தன்மையை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட முடியும். குளோரின் போட்டால் குறையுமே ஒழிய அறவே ஒழியாது. நாற்றம் போனதால் சுத்தம் என்பதற்கும், மந்திரம் ஓதியதால் தீர்த்தம் என்பதற்கும் என்ன வித்தியாசம்?

ருசு வேண்டுமா? ஐதராபாத்துக்கு அருகே பட்டன்சேருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் "சுத்தம் செய்து" வெளிவிட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது அதிகம். டில்லியில், கடைசிக் கை மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்-1 என்னும் மரபணு, குழாய்த் தண்ணீர் மாதிரி 50-ல் 2-லும், தேங்கிய கழிவுநீர் மாதிரி 171-ல் 51-லும் இருந்ததாக 2011-ல் வெளியாயிற்று. நமது சர்க்கார் செய்ததென்ன? அதற்கு டில்லியின் பெயரை வைத்தது தகாது என்று ஆட்சேபித்தார்கள்! மருந்துத் தொழிற்சாலைக் கழிவில் ஆண்டிபயாடிக்குக்கு வரம்பு கட்ட 2020-ல் நகல் விதி போட்டார்கள். 2021-ல் வந்த முடிவான விதியில் அந்த வரம்பைக் காணோம். முதலாளிக்கு இவ்வளவு தாட்சண்யம்! சாக்கடையில் இறங்குகிறவனுக்கும், கழிவுநீர் பாயும் வயலில் நிற்கிறவனுக்கும், விலை உயர்ந்த கடைசி மருந்தை வாங்க வகையில்லாதவனுக்கும் என்ன தாட்சண்யம் காட்டினார்கள்?

ஆகையால் தோழர்களே! வைத்தியர் சீட்டின்றி இம்மருந்துகளை வாங்காதீர்கள். புதுக்கோட்டையானாலும் சென்னையானாலும், சுத்திகரித்து வெளிவிடும் நீரில் இக்கிருமிகள் எவ்வளவு என்று சோதித்து, தமிழில் எழுதி, ஊரறிய ஒட்டும்படி நகராட்சியாரைக் கேளுங்கள். தொழிற்சாலைக் கழிவுக்கு வரம்பு எங்கே என்று சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரைக் கேளுங்கள். தீட்டு மனிதனிடத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பஞ்சாங்கம் உதவாது, பரிசோதனைச்சாலை வேண்டும்.