மாநகராட்சிகள் யாருக்குக் கணக்கு காட்டுகின்றன?

2025 பிப்ரவரி 4 அன்று மும்பை மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டு பட்ஜெட் வெளியானது. மொத்த மதிப்பீடு 74,427 கோடி ரூபாய். இமாச்சலப் பிரதேசமோ கோவாவோ தன் மாநிலம் முழுமைக்கும் ஓராண்டில் ஒதுக்கும் தொகையைவிட இது அதிகம். ஆணையரின் நிர்வாகம் தயாரித்த இந்த அறிக்கைக்கு ஒப்புதல் அளிக்க வேண்டியவர் யார்? அதே ஆணையர்தான். மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் 7இல் முடிந்தபின் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆணையரையே மாநில அரசு நிர்வாகியாகவும் அமர்த்தியது. மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888ஆம் ஆண்டு காலனி ஆட்சியில் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின்படியே கூட, ஆணையர் தயாரிக்கும் மதிப்பீடு நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போக வேண்டும். பிறகு மாமன்றம் விவாதித்து நிறைவேற்ற வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சி அளித்த அந்தக் குறைந்தபட்ச நடைமுறைகூட 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் இல்லாமல் போனது.

இந்த இடைவெளியில் யாருக்குச் செல்வாக்கு இருந்தது என்பது இரகசியமல்ல. ஆளும் கூட்டணி சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதிகளுக்கு மாநகராட்சி நிதி தாராளமாகப் பாய்ந்ததையும், எதிர்க்கட்சி உறுப்பினர்களின் கோரிக்கைகள் கிடப்பில் போடப்பட்டதையும் 2024இல் நாளேடுகள் அம்பலப்படுத்தின. மும்பை விதிவிலக்கும் அல்ல. பெங்களூருவில் 2020 செப்டம்பரோடு மாமன்றம் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே பட்ஜெட் போட்டனர். சென்னை 2016 முதல் 2022 வரை அதே நிலையில் இருந்தது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் என்பது கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கட்டாயத்தையே அரசுகள் மீறியிருக்கின்றன.

மக்கள் பிரதிநிதிகள் இல்லாத காலத்தில் மாநகராட்சிக் கணக்குகள் ஒரேயடியாக மூடிக்கிடக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. அவை வேறொரு பக்கம் அகலத் திறந்திருக்கின்றன. எந்தப் பக்கம் என்பதே இன்றைய கேள்வி.

2004இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பங்கேற்போடு தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு வெளியிடப்பட்டது. அதுவரை கையில் வந்த பணம், கையைவிட்டுப் போன பணம் ஆகிய இரண்டை மட்டுமே பெரும்பாலான நகராட்சிகள் எழுதி வந்தன. இனி வரவேண்டியதையும் தரவேண்டியதையும் சேர்த்து இரட்டைப் பதிவு முறையில் எழுத வேண்டும், ஆண்டு முடிவில் இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்க வேண்டும் என்று கையேடு கூறியது. தமிழ்நாட்டு நகராட்சிகள் இம்முறைக்கு அதற்கு முன்னரே, உலக வங்கிக் கடன் திட்டத்தின் பின்னணியில் மாறத் தொடங்கிவிட்டன. சீர்திருத்தத்தை வேண்டிக் கேட்டவர் யார் என்பதை இதுவே சொல்லிவிடுகிறது. கடன் கொடுப்பவருக்குக் கடனாளியின் சொத்தும் கடனும் ஒரே தாளில் தெரிய வேண்டும். தெருவிளக்கு எரியாத வார்டில் வாழ்பவரின் வசதிக்காக அந்தத் தாள் வரையப்படவில்லை.

ஆயினும் இந்தக் கணக்கு முறையை இடதுசாரிகள் வெறுத்து ஒதுக்க வேண்டிய அவசியமில்லை. பழைய முறையில் மறைந்து கிடந்த பல செய்திகள் புதிய முறையில் எழுத்தில் வந்தாக வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டு வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தாத தொகை, ஓய்வு பெற்றவருக்கு வழங்காத பணிக்கொடை, நிலுவை ஊதியம் ஆகிய யாவும் இருப்புநிலைக் குறிப்பில் ‘தரவேண்டிய பொறுப்புகள்’ பக்கத்தில் இடம்பெற வேண்டியவை. டெல்லி மாநகராட்சிகளின் துப்புரவுத் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் மாதக்கணக்கில் ஊதியம் இன்றித் தெருவில் இறங்கிப் போராடியபோது, ‘பணம் இல்லை’ என்பதே நிர்வாகத்தின் பதிலாக இருந்தது. அத்தகைய பதிலைச் சோதித்துப் பார்க்க உதவும் ஆவணம் இதுதான். முதலாளிகளுக்காக வடிக்கப்பட்ட கருவியாயினும், எடுத்துப் படிப்பவருக்கும் அது பயன்படும்.

எதை எந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள் என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியின் ஊதியம் ‘ஊழியர் செலவினம்’ என்ற தலைப்பில் பதிவாகும். அதே குப்பையை அதே தெருவில் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி, ஒப்பந்த நிறுவனத்துக்கு வழங்கிய கட்டணத்துக்குள் புதைந்து ‘இயக்கம், பராமரிப்பு’ என்ற தலைப்புக்குப் போய்விடும். நிறுவனத்தின் இலாபமும் அதே வரியில் கலந்துவிடும். நிரந்தரப் பணியிடங்களை ஒழிக்க ஒழிக்க ஊழியர் செலவு விகிதம் குறைந்து, மாநகராட்சி ‘ஆரோக்கியமாக’ இருப்பதாகத் தோன்றும். தர மதிப்பீட்டு நிறுவனங்கள் உற்றுப் பார்க்கும் எண்களில் இந்த விகிதமும் ஒன்று. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக அமர்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது. அந்தப் போராட்டம் ஒருவகையில் இந்தத் தலைப்பு மாற்றத்துக்கு எதிரானதும்தான்: தொழிலாளியின் பெயர் மாநகராட்சியின் ஊதியப் பட்டியலில் இருக்கப் போகிறதா, ஒப்பந்ததாரரின் பில்லில் இருக்கப் போகிறதா?

மும்பையின் பெஸ்ட் பேருந்துத் தொழிலாளர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டவர்கள். பெஸ்ட் மாநகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம். எனினும் அதன் கணக்கு ‘சி’ பட்ஜெட்டாகத் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. மாநகராட்சியின் பிரதான வரவு செலவு ‘ஏ’ பட்ஜெட். தாய் நிறுவனத்திடம் சுமார் 80,000 கோடி ரூபாய் வங்கி வைப்பில் இருக்கும்போது, பெஸ்ட் மட்டும் ‘நஷ்டத்தில் ஓடும் நிறுவனமாக’க் காட்டப்படுவது இந்தப் பிரிவினையால்தான். (அந்த வைப்புத்தொகையில் ஒரு பகுதி தொழிலாளர் சேமநிதிக்கும் ஒப்பந்ததாரர் வைப்புக்கும் உரியது என்பது உண்மையே, எஞ்சியதும் சிறு தொகையல்ல.) 2019 ஜனவரியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒன்பது நாட்கள் பேருந்துகளை நிறுத்தினார்கள். அவர்களது முதன்மைக் கோரிக்கை ‘சி’ பட்ஜெட்டை ‘ஏ’ பட்ஜெட்டோடு இணைக்க வேண்டும் என்பது. கணக்குப் பதிவு முறை ஒன்றுக்காக ஒரு பெருநகரையே நிறுத்திய வேலைநிறுத்தம் இந்திய தொழிற்சங்க வரலாற்றில் அரிது.

இணைப்பு நடக்கவில்லை. மானியம் என்ற பெயரில் ஆண்டுதோறும் சிறிது கிள்ளித் தரப்படுகிறது. 2025-26 பட்ஜெட்டில் அது 1,000 கோடி ரூபாய்; மொத்த மதிப்பீட்டில் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை. சொந்தப் பேருந்துகள் 3,337 என்ற எண்ணிக்கைக்குக் குறையாது என்று 2019இல் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தும், அவை சில நூறுகளாகச் சுருங்கிவிட்டன. தனியாரின் வாடகைப் பேருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக இரட்டிப்பானது.

மும்பையைப் போல் வைப்புத்தொகை வைத்திருக்கும் மாநகராட்சி நாட்டில் வேறில்லை. பிற நகரங்களின் நிலை வறட்சிதான். இந்திய நகராட்சிகளின் மொத்த வருவாய் நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 விழுக்காட்டிலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. பிரேசிலில் இது 7.4 விழுக்காடு, தென்னாப்பிரிக்காவில் 6. இருந்த வருவாயும் பறிபோயிற்று. ஜிஎஸ்டி வந்த 2017இல் மும்பை ஆக்ட்ராய் எனும் நகர நுழைவு வரியை இழந்து, மாநில அரசு தரும் இழப்பீட்டை நம்பி நிற்கும் நிலைக்கு வந்தது. ஜிஎஸ்டியில் உள்ளாட்சிகளுக்கென்று ஒரு பைசா பங்குகூட அரசியல் சட்டத்தில் எழுதப்படவில்லை.

வரியைப் பறித்துவிட்டு ஒன்றிய அரசு காட்டும் வழி கடன் சந்தை. அம்ருத் திட்டத்தின் கீழ், 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டால் 13 கோடி ஊக்கத்தொகை. மக்களின் வரிப்பணத்திலிருந்து முதலீட்டாளரின் வட்டிக்கு மானியம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் கிடையாது. 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஒரு இலட்சம் கோடி ரூபாய் ‘நகர்ப்புறச் சவால் நிதி’ இன்னும் வெளிப்படையானது: திட்டச் செலவில் குறைந்தது பாதியைப் பத்திரம், வங்கிக் கடன், தனியார் கூட்டு ஆகியவற்றின் மூலம் திரட்டினால்தான் ஒன்றிய அரசு அதிகபட்சம் கால்பங்கு தரும். மாநில அரசின் உத்தரவாதமின்றி 1998இல் அகமதாபாத் தொடங்கிவைத்த இந்த வழியில் புனே, ஹைதராபாத், இந்தூர், லக்னோ எனப் பல நகரங்கள் சென்றுவிட்டன. 2020இல் 8.5 விழுக்காடு வட்டிக்கு லக்னோ 200 கோடி திரட்டியபோது, உத்தரப் பிரதேச முதலமைச்சரே மும்பை பங்குச் சந்தைக்குச் சென்று மணியடித்தார். 2025இல் சென்னையும் 200 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது.

இந்தப் பத்திரங்களின் ஒப்பந்தங்களில் கவனிக்க வேண்டியது எஸ்க்ரோ கணக்கு. சொத்து வரி உள்ளிட்ட வருவாய் முதலில் அந்தத் தனிக் கணக்கில் விழும். வட்டிக்கும் கடன் தீர்ப்பு நிதிக்கும் உரிய தவணை எடுக்கப்பட்ட பிறகே மிச்சம் மாநகராட்சியின் கைக்கு வரும். குடிசைப் பகுதிக் குழாய்க்கும், துப்புரவுப் பணியாளரின் சம்பளத்துக்கும் முன்னால் பத்திரதாரர் வரிசையில் நிற்கிறார். வருவாய் செழிக்கும் ஆண்டில் இது உறுத்தாது. சந்தை முகம் திருப்பும்போது என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1975இல் அந்நகரின் பத்திரங்களை வாங்க வங்கிகள் மறுத்தன. நகரின் வரவு செலவு தேர்ந்தெடுக்கப்படாத ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்குச் சென்றது. பல்லாயிரம் ஊழியர்கள் வேலை இழந்தனர், சுரங்க ரயில் கட்டணம் ஏறியது. 129 ஆண்டுகளாகக் கட்டணமின்றிக் கல்வி தந்த நகரப் பல்கலைக்கழகம் 1976 முதல் கட்டணம் வசூலித்தது.

நிதி ஆணையமும் தன் பங்குக்கு நிபந்தனை விதித்திருக்கிறது. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட்டால்தான் நகராட்சிக்கு மானியம் என்று 15ஆவது நிதி ஆணையம் கூறியது நல்ல செய்தியே. சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் நிர்ணயித்து, வசூலை மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதே மூச்சில் வந்தது. 2022இல் தமிழ்நாட்டில் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டபோது மாநில அரசு சுட்டிக்காட்டியது இதைத்தான்.

மாற்று வழி கற்பனையில் தேட வேண்டியதல்ல. கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. அதைவிட முக்கியமான, வெளியே அதிகம் பேசப்படாத ஏற்பாடு ஒன்றுண்டு. மாநில பட்ஜெட்டோடு ‘இணைப்பு 4’ என்ற தனித் தொகுதி சட்டமன்றத்தில் வைக்கப்படும். எந்த ஊராட்சிக்கு, எந்த நகராட்சிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு அமைப்பின் பெயரும் தொகையும் அதில் அச்சாகியிருக்கும். அமைச்சரின் தயவில் இல்லாமல் சட்டமன்ற ஒப்புதலோடு வரும் பணம் அது. ஒன்றிய அரசு கடன் வரம்பை இறுக்கிய ஆண்டுகளில் தவணைகள் தாமதமானது உண்டு. எவ்வளவு பாக்கி என்று கேட்பதற்கும் அச்சிட்ட எண் கையில் இருந்தது.

பட்ஜெட் புத்தகம் தடிமனாக, கூட்டத்துக்குச் சற்று முன்னர்தான் உறுப்பினர் கைக்கு வருவது பல மாமன்றங்களின் வாடிக்கை. அடுத்த ஆண்டு மதிப்பீட்டை மட்டும் பார்த்துப் பேசுவது பொறியில் விழுவதாகும். கடந்த ஆண்டு அறிவித்ததில் உண்மையில் எவ்வளவு செலவானது என்ற பத்தியில்தான் செய்தி இருக்கிறது. அதை வார்டு வாரியாகக் கேட்டுப் பெற வேண்டும். தணிக்கை அறிக்கை பட்ஜெட்டுக்கு முன் மாமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் கூலி தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். பத்திர ஒப்பந்தத்தின் எஸ்க்ரோ விதிகள் கையெழுத்தாகும் முன் விவாதத்துக்கு வர வேண்டும். இவற்றுக்குப் பட்டயக் கணக்காளர்கள் தேவையில்லை. சேமநிதி பாக்கியைக் கேட்கும் தொழிற்சங்கக் கிளையும், சாக்கடைப் பணிக்கு ஒதுக்கிய தொகையைக் கேட்கும் வார்டுக் கிளையும் ஒரே மேசையில் அமர்ந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் போதும்.

2026 ஜனவரி 15 அன்று ஒருவழியாக மும்பையில் தேர்தல் நடந்து, புதிய மாமன்றம் வந்துவிட்டது. பெஸ்ட் பட்ஜெட்டை இணைக்கக் கோரி பழைய மாமன்றம் 2017இல் நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் கோப்பில் கிடக்கிறது.